வாலைப் பிடியுங்கள்

அன்புள்ள ஐயா,

ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை. தமிழ்வழியில் படித்தவன். ‘டெவலப்மென்ட்’, ‘ஃபோட்டோகிராஃபி’ போன்ற நீளச் சொற்களை நான் சொன்னால் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் திரும்பக் கேட்கிறார்கள். பள்ளியில் வெண்பாவை அலகிட்டதுபோல ஆங்கிலச் சொற்களை அசை பிரித்துப் பழகுகிறேன், பலனில்லை. உச்சரிப்பு வகுப்பில் சேரலாமா?

ச., பெங்களூரு

அன்புள்ள ச.,

வகுப்பு உங்கள் விருப்பம். தமிழ்வழியைக் குற்றம் சொல்லாதீர்கள். சிக்கல், சொல்லில் எந்த அசையை அழுத்துகிறோம் என்பதில்தான். கான்வென்டில் படித்தவர்களும் ‘டெவலப்’பில் இரண்டாவதை விட்டு முதல் அசையைத்தான் அழுத்துகிறார்கள்.

அலகிட்டுப் பார்த்தீர்களே, அது பிடித்திருக்கிறது. ஆனால் யாப்பின் அசை வேறு. ‘மலர்’ நமக்கு ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் இரண்டு. அங்கே ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. அகராதியில் சொல்லின் நடுவே வரும் புள்ளிகளையும் நம்பாதீர்கள்; வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதற்கே பல அகராதிகள் அவற்றை வைக்கின்றன. உச்சரிப்புக் குறிப்பில் மேலே நிற்கும் சிறு கோட்டைப் பாருங்கள். இன்றைய பெரும்பாலான அகராதிகளில் அது அடுத்து வரும் அசைக்கு உரியது.

அழுத்தம் விழும் இடம் தெரிய, சொல்லின் வாலைப் பிடியுங்கள். ‘இக்’, ‘ஷன்’ என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசை: எஜுகேஷனில் ‘கே’. ‘லஜி’, ‘கிராஃபி’, ‘இட்டி’ என்றால் கடைசியிலிருந்து மூன்றாவது: டெக்னாலஜியில் ‘னா’, எலக்ட்ரிசிட்டியில் ‘ட்ரி’. ‘மென்ட்’, ‘நெஸ்’ எதையும் நகர்த்தாது. டெவலப்பில் ‘வெ’ என்றால் டெவலப்மென்டிலும் ‘வெ’தான். பாலிடிக்ஸ், ஆர்சனிக் மாதிரி அடங்காப்பிடாரிகள் சில உண்டு. அவற்றில் முதல் அசை.

இனிமேல்தான் திட்டப்போகிறேன். அழுத்தம் என்றதும் ஏன் ஐயா எல்லாரும் கத்துகிறீர்கள்? அந்த அசை சற்று நீளும், சுருதி ஏறும், அவ்வளவுதான். பாதி வேலை மற்ற உயிர்களை மங்கவைப்பதில் இருக்கிறது. ‘ஃபோட்டோகிராஃபி’யில் முதல் ஓகாரத்தையும் ‘கிரா’வின் ஆகாரத்தையும் முழு நெடிலாக நிறுத்தினால் ‘டா’வை எவ்வளவு ஓங்கிச் சொல்லியும் காதில் எடுபடாது. ‘ஃப-டா-க்ர-ஃபி’. ஒலியை விழுங்குவது பாவம் என்று யார் சொன்னது? ‘நாடு’ என்பதன் உகரத்துக்கு அரை மாத்திரைதானே கொடுக்கிறோம்? ‘தலை’யின் ஐகாரம் குறுகும் என்று நன்னூலே விதி வைத்திருக்கிறது. குற்றியலுகரம் படித்தவனுக்கு ஆங்கிலத்தில் உயிரைக் குறுக்க என்ன கூச்சம்?

ஃபோட்டோகிராஃப், ஃபோட்டோகிராஃபி, ஃபோட்டோகிராஃபிக் மூன்றையும் மேசையில் தட்டியபடி சொல்லுங்கள். தட்டு முதல் அசை, இரண்டாவது, மூன்றாவது என்று நகர வேண்டும். அது பழகியபின், மீட்டிங்குக்கு முன்னால் அன்றைக்குப் பேசவேண்டிய சொற்களை அகராதியில் பார்த்து, அழுத்தும் அசைக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.