பத்து ஓட்டு மேயர்

அன்புள்ள ஐயா,

1981-இல் அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில், எந்தக் கட்சியையும் சேராத பெர்னி சாண்டர்ஸ் என்ற அரசியல்வாதி பத்தே ஓட்டில் மேயரானார் என்று படித்தேன். சிலிர்த்துவிட்டது. 2022 மாநகராட்சித் தேர்தலில் நான் ஓட்டுப் போடப் போகவில்லை. ஒருவருடைய ஓட்டுக்கு உண்மையிலேயே அவ்வளவு மதிப்பு உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சிலிர்த்ததெல்லாம் சரி. ஏன் போகவில்லை என்று ஒரு வரிகூட எழுதவில்லையே? அன்று சனிக்கிழமை. தூங்கியிருப்பீர்கள்.

பர்லிங்டன் வெர்மான்ட் மாநிலத்தின் ஏரிக்கரை ஊர். அன்றைக்கு அங்கே நாற்பதாயிரம் பேர்கூட இல்லை. ஜனநாயகக் கட்சியின் கார்டன் பாகெட் பத்து வருடமாக மேயர். குடியரசுக் கட்சி ஆளே நிறுத்தவில்லை. அந்தத் தெம்பில் மனிதர் சொத்துவரியை ஏற்றக் கேட்டுக்கொண்டே தேர்தலுக்கு வந்தார். உணவகம் நடத்திய ரிச்சர்ட் போவ் தனியாக நின்று ஆயிரத்துச் சொச்சம் ஓட்டைப் பிரித்தார். மறு எண்ணிக்கைக்குப் பிறகு சாண்டர்ஸ் 4,330, பாகெட் 4,320. உங்கள் அதிசயம் இவ்வளவுதான்.

எனக்கு முக்கியம் அதற்கு அப்புறம் நடந்தது. நகர மன்றத்தில் 13 பேர். சாண்டர்ஸ் பக்கம் இருவர். அவர் நியமித்த அதிகாரிகளை மன்றம் ஏற்க மறுத்தது. அவருடைய செயலாளரைக்கூட வேலையை விட்டு நீக்கியது. தோற்றவர் வைத்துவிட்டுப் போன அதிகாரிகளோடுதான் அவர் முதல் வருடத்தை ஓட்டினார். சிலிர்ப்புக் கதை சொல்கிறவர்கள் இந்த வருடத்தைச் சொல்வதே இல்லை. 1982-இல் அவருடைய ஆட்கள் வார்டு வார்டாக வீட்டுக் கதவைத் தட்டி இன்னும் சில இடங்களைப் பிடித்தார்கள். மன்றத்தின் முடிவைத் தடுக்கும் மேயரின் மறுப்பாணையை (வீட்டோ) மன்றம் தூக்கியெறிய முடியாத அளவுக்கு அது போதுமானதாக இருந்தது. அதன் பிறகுதான் அவர் பேச்சு எடுபட்டது. பிறகு மூன்று முறை ஜெயித்தார்.

என் அத்தை ஒரு சின்ன நகராட்சியில் கவுன்சிலராக இருந்தார். விரல்விட்டு எண்ணும் வித்தியாசத்தில் ஜெயித்தவர். அன்று ராத்திரி தெருவே வெடி போட்டது. அவர் கேட்ட சாக்கடை மட்டும் மன்றக் கூட்டத்துக்கு மன்றக் கூட்டம் 'ஒத்திவைக்கப்பட்டது' என்றே திரும்பி வந்தது. தலைவர் வேறு கட்சி. அஜெண்டா தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வெயிலில் தனியாக நடந்து வருவார். வெடி போட்டவர்களில் ஒருவராவது கூடப் போய் ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெருவில் தண்ணீர் தேங்கினால் மட்டும் அத்தை வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு ஓட்டின் மதிப்பா? கணக்குப் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் தேறாது. அதைச் சொல்லி நீங்கள் தப்பித்துக்கொள்ள வேண்டாம். 2022-இல் நம் மேயர்களைத் தேர்ந்தெடுத்ததே கவுன்சிலர்கள்தான். நீங்கள் தூங்கிய வார்டும் அதில் சேர்த்தி. அந்த வார்டின் கவுன்சிலர் யார், கடைசி மன்றக் கூட்டத்தில் என்ன கேட்டார் என்று விசாரித்து எழுதுங்கள். பர்லிங்டனை அப்புறம் பேசலாம்.