பதில்: பழைய பிளாஷ் பாடங்கள் போனில் திறக்கவில்லை

சிடியில் இருக்கும் எஸ்டபிள்யூஎஃப் (பிளாஷ் கோப்பு வகை) பாடங்கள் ஆண்ட்ராய்டில் ஓடவில்லை, அவற்றை ஓட்டும் பழைய பிளாஷ் பிளேயரின் ஏபிகே (ஆண்ட்ராய்டு நிறுவல் கோப்பு) கிடைத்தால் ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். அடோபி 2020 டிசம்பர் 31-உடன் பிளாஷைக் கைவிட்டுவிட்டது, இனி அதன் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை, அதுவும் கண்ட தளத்திலிருந்து இறக்கினால் கூடவே என்ன ஒட்டிக்கொண்டு வருமோ!

போன் கம்பெனிகள் ஆதரவு தந்திருக்கலாமே என்கிறீர்கள். தந்து பார்த்தார்கள். 2010-லேயே ஆண்ட்ராய்டு 2.2-க்கு பிளாஷ் வந்தது. பேட்டரியை உறிஞ்சியது, மவுஸை மேலே கொண்டுபோனால் விரியும் மெனுக்கள் விரலுக்கு மசியவில்லை, கடைசியில் 2011 நவம்பரில் அடோபியே மொபைல் பதிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஐபோனில் பிளாஷை விடமாட்டேன் என்ற ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸை மட்டும் எல்லாரும் திட்டுவது நியாயமில்லை.

சரி, உங்களுக்கு வேண்டியது ரஃபிள், பிளாஷ் பிளேயர் இல்லாமலே பிளாஷ் கோப்புகளை ஓட்டும் மென்பொருள். இலவசம், திறந்த மூலம். போன் பிரவுசரில் அதன் டெமோ பக்கத்தைத் திறந்து கோப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்ற பிளாஷின் புதிய நிரல்மொழி வந்தது 2006-இல். அதற்கு முந்தைய பாடங்கள் என்றால் பெரும்பாலும் ஓடிவிடும், பிந்தையவை சில இடங்களில் முரண்டு பிடிக்கும். சிடியில் வெறும் இஎக்ஸ்இ (விண்டோஸ் நிரல்) கோப்புகள்தான் இருக்கின்றன என்றால் இங்கேயே சொல்லுங்கள், அதற்கு வழி வேறு, கணினி வேண்டும்.