தொப்புள் வழி இருக்க, வயிற்றில் துளை எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. பிறவியிலேயே முதுகுத்தண்டில் குறை. சிறுவயதில் சிறுகுடல் துண்டு ஒன்றை வைத்துத் தைத்துச் சிறுநீர்ப்பையைப் பெரிதாக்கினார்கள். தொப்புளில் அமைத்த வழியில் டியூப் விட்டுத்தான் சிறுநீர் எடுக்கிறாள். இப்போது பையில் 2 செ.மீ. கல். அடிவயிற்றில் துளை போட்டு எடுக்க வேண்டும் என்கிறார்கள். தொப்புள் வழியாகவே எடுக்கக் கூடாதா? கல் திரும்ப வருமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: கூடாது. அந்த வழி பெரும்பாலும் குடல்வாலைக் கொண்டு அமைப்பது, 4 மி.மீ. டியூபுக்கு ஏற்றது. கல்லை உடைத்து எடுக்க ஏறத்தாழ 10 மி.மீ. குழாய் வேண்டும். அதைத் திணித்தால் வழி கிழியும், தழும்பேறிச் சுருங்கும், பிறகு சிறுநீர் கசியும். கல் போனாலும் வழி கெட்டால் அவளுக்குப் பெரிய நஷ்டம்.

முதலில் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனை கட்டாயம். இந்தக் கற்கள் பெரும்பாலும் கிருமித்தொற்றால் வருபவை. உடைக்கும்போது உள்ளிருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்தால் கடுங்காய்ச்சல் வரும். அதனால் ஆன்டிபயாடிக்கை முன்பே தொடங்குவார்கள். துளை போடும் பாதையில் குடல் ஒட்டியிருக்கிறதா என்று சி.டி. ஸ்கேனில் பார்ப்பார்கள். இரண்டு விஷயங்களை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: தலையில் சேரும் நீரை வயிற்றுக்கு வடிக்கும் ஷன்ட் குழாய் இருந்தால் அது, ரப்பர் கையுறை ஒவ்வாமை இருந்தால் அது. முதுகுத்தண்டு குறை உள்ளவர்களுக்கு இந்த ஒவ்வாமை அதிகம்.

மயக்கம் கொடுத்து, பையைச் சலைனால் நிரப்பி, ஊசி குத்தி, அதன்வழி மெல்லிய கம்பி விட்டுத் துளையைப் படிப்படியாக விரிப்பார்கள். ஸ்கோப்பில் பார்த்தபடி லேசராலோ அல்ட்ராசவுண்டாலோ உடைத்து, துகள்களை ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும். மிஞ்சிய துகளைச் சுற்றி மறுபடி கல் வளரும். வெளியிலிருந்து அதிர்வலையால் உடைக்கும் முறை இதனால்தான் இங்கே உதவாது. பிறகு சில நாள் டியூப் இருக்கும். பையில் தைத்த குடல் துண்டு சுரக்கும் சளி அதை அடைத்தால் பை நிரம்பித் துளை வழியே கசியும். டியூபில் சிறுநீர் குறைந்தாலோ, வயிறு உப்பினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே போய்க் காட்டுங்கள்.

திரும்ப வர வாய்ப்பு நிறையவே உண்டு. சளியும் தேங்கிய சிறுநீரும் முக்கியக் காரணங்கள். தொப்புள் வழி பையின் மேல்பக்கம் திறப்பதால் அடியில் தேங்கும். டியூபை மெல்ல முன்பின் நகர்த்தி முழுதும் வடிய விட வேண்டும். பகலில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் எடுப்பது நல்லது. தினமும் 240 மி.லி. அல்லது அதற்கு மேல் சலைனை, சிரிஞ்சில் 60 மி.லி. வீதம் விட்டு உறிஞ்சி, சளி இல்லாமல் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். வருடம் ஒருமுறை ஸ்கேன்.