வாசகர் கேள்வி-பதில்: இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் ஒரு பகல்

கேள்வி: லண்டனில் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கப்போகிறோம். எங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது. காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பும்படியாக, பழைய மாளிகையும் கிராமமும் சேர்ந்தாற்போல் இருக்கும் ஓர் இடத்தைச் சொல்ல முடியுமா? (வாசகர், திருச்சி)

பதில்: ஒன்றே ஒன்றுதான் என்றால் வில்ட்ஷயரிலுள்ள லேகாக் என்ற கிராமத்தைச் சொல்வேன். பேடிங்டன் நிலையத்திலிருந்து சிப்பனம் வரை ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து தெற்கே சுமார் 5 கிலோமீட்டர் தொலைவைப் பேருந்திலோ டாக்சியிலோ கடந்துவிடலாம். சாலிஸ்பரி சீமாட்டி ஈலா 13ஆம் நூற்றாண்டில் பெண் துறவியருக்காக நிறுவிய மடம் இங்கே இருக்கிறது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அதை வாங்கியவர் தேவாலயப் பகுதியை இடித்துவிட்டு, மற்றதைத் தம் மாளிகையாக மாற்றிக்கொண்டார். அதனால் கீழ்த்தளத்தில் துறவியர் நடந்த கல் தாழ்வாரங்களையும், மாடியில் செல்வக் குடும்பத்தின் வரவேற்பறைகளையும் ஒரே கூரையின் கீழ் காணலாம்.

அந்த மாடியில் சிறு கண்ணாடிக் கட்டங்களாலான ஒரு சன்னல் உண்டு. வீட்டின் உரிமையாளரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1835 ஆகஸ்டில் தபால்தலையைவிடச் சற்றே பெரிய தாளில் இந்தச் சன்னலைத்தான் படம் பிடித்தார். இன்றுவரை எஞ்சியிருக்கும் ஒளிப்பட நெகடிவ்களில் மிகப் பழையது அதுவே. சன்னலைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் கைப்பேசியை நீட்டி அதையே மறுபடி படமெடுப்பதைச் சற்று ஒதுங்கி நின்று பார்ப்பதும் ஒரு வேடிக்கைதான்.

ஊர் என்பது நான்கே தெருக்கள். 1944இல் அவருடைய பேத்தி மாட்டில்டா டால்பட் மடத்தோடு ஊரையும், பழைய மாளிகைகளையும் நிலங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டதால், அங்கே குடியிருப்போரில் பெரும்பாலோர் இன்று டிரஸ்டின் வாடகைக்காரர்கள். வெளியே தெரியும்படி ஆன்டெனாவோ மின்கம்பிகளோ இல்லை என்பதை அரை மணி நேரம் நடந்த பிறகுதான் கவனிப்பீர்கள். சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். ஞாயிறன்று கிராமப் பேருந்துகளே அரிது. வேறோர் ஊரில் அது தெரியாமல் தேவாலய வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கு உண்டு.

கேள்வி: எல்லாரும் கோட்ஸ்வோல்ட்ஸ் போகச் சொல்கிறார்கள். இந்தியாவோடு தொடர்புள்ள வீடு ஏதேனும் அப்பக்கம் உண்டா? (வாசகி, ஹாரோ)

பதில்: உண்டு, பலர் அதை அறியாமலே கோட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பகுதியிலுள்ள பைபரி கிராமத்துக்குப் போய், சுற்றுலாப் பேருந்துகளின் நெரிசலில் ஆர்லிங்டன் ரோ என்ற பழைய கல்வீட்டு வரிசையைப் படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். மோர்டன்-இன்-மார்ஷ் நிலையத்தில் இறங்கினால், வயல்வழி நடந்தே போகக்கூடிய தொலைவில் சீசின்கோட் என்ற மாளிகை இருக்கிறது. வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் பொருளீட்டித் திரும்பிய சார்லஸ் காக்கரெல் என்பவருக்காக, அவருடைய சகோதரரும் கட்டடக் கலைஞருமான சாமுவேல் பெப்பிஸ் காக்கரெல் 1805ஐ ஒட்டி எழுப்பியது. செம்மறி மேயும் சரிவொன்றில், பச்சை பூத்த செப்புக் குவிமாடமும் முகலாய வளைவுகளுமாக நிற்கும் அதை முதலில் காணும்போது சிரிப்பும் வியப்பும் சேர்ந்தே வரும். உள்ளே நுழைந்தால் முகலாயம் மறைந்துவிடும். அறைகள் எல்லாம் அக்காலத்து ஐரோப்பியச் செவ்வியல் பாணியில் அமைந்தவை.

தோட்டம் இன்னும் சுவையானது. ஓவியர் தாமஸ் டானியல் அதற்கு யோசனை சொன்னவர். தம் சகோதரரின் மகனான வில்லியமுடன் 1792இல் தென்னாட்டிலும் பயணம் செய்து, தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் வரைந்த அதே டானியல்தான். பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் நந்திகள் அமர்ந்திருக்கின்றன. ஆனால் அவை காவல் இருக்கும் தோட்டத்துக் கோயிலில் சிவன் இல்லை, சூரியன்தான் இருக்கிறார். ஆகம விதிகளைக் கேட்டுக்கொண்டு கட்டியதல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ரசியுங்கள். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசர் 1807இல் இங்கு வந்து பார்த்ததற்கும், கடற்கரை ஊரான பிரைட்டனில் அவருடைய அரண்மனைக்குக் குவிமாடங்கள் முளைத்ததற்கும் தொடர்பு உண்டு.

இது இன்றும் தனியார் வீடு என்பதால் ஆண்டில் சில மாதங்களில், வாரத்தில் சில நாட்களில் மட்டுமே திறக்கிறார்கள். கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். கம்பெனிப் பணத்தில் எழுந்த வீடு இது ஒன்றுதான் என்று எண்ணிவிட வேண்டாம். குடியேற்ற ஆட்சியோடும் அடிமை வணிகத்தோடும் தொடர்புடைய இடங்களென 93 சொத்துகளை நேஷனல் டிரஸ்டே 2020இல் வெளியிட்ட அறிக்கையில் குறிப்பிட்டது. அதற்காகச் சிலர் கோபித்துக்கொண்டார்கள். பணம் வந்த வழியையும் சேர்த்துச் சொன்னால்தான் வீட்டின் கதை முழுமையாகும் என்பது என் கட்சி.

கேள்வி: தோட்டம் பார்க்க எந்த மாதம் நல்லது? (வாசகர், கிராய்டன்)

பதில்: எந்தத் தோட்டம் என்பதைப் பொறுத்தது. கென்ட்டிலுள்ள சிஸ்ஸிங்ஹர்ஸ்டில், எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்டும் அவர் கணவரும் 1930இல் வாங்கிய பாழடைந்த இடத்தை வேலிகளும் சுவர்களும் பிரிக்கும் அறைகள் போன்ற தோட்டங்களாக வளர்த்தெடுத்தார்கள். அங்கே ரோஜாக்களையும் வெண்ணிற மலர்த் தோட்டத்தையும் காண ஜூன் கடைசி ஏற்றது. வில்ட்ஷயரிலுள்ள ஸ்டவர்ஹெட்டோ, வங்கியாளர் ஹென்றி ஹோர் 1740களில் தொடங்கி ஏரியைச் சுற்றி அமைத்த நிலக்காட்சி. கோயில் போன்ற கட்டடங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றி மறையும்படி பாதையைத் திட்டமிட்டிருக்கிறார்கள். இலைகள் நிறம் மாறும் அக்டோபரில் அதைப் பாருங்கள். பல மாளிகைகள் குளிர்காலத்தில் மூடியிருக்கும், தோட்டங்கள் திறந்திருக்கும்.

கேள்வி: அறைகளை ஏன் இத்தனை இருட்டாக வைத்திருக்கிறார்கள்? (வாசகி, லெஸ்டர்)

பதில்: வெளிச்சம் பட்டால் பட்டும் திரைச்சீலையும் நீர்வண்ண ஓவியங்களும் வெளுத்துவிடும்; வெளுத்தது திரும்பாது. உள்ளே நுழைந்ததும் இரண்டு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். அறையில் நிற்கும் தன்னார்வத் தொண்டரிடம் தயங்காமல் கேளுங்கள். பலரும் ஓய்வு பெற்றவர்கள், கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பவர்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். கட்டுச்சோறு கொண்டுபோகலாமா? (வாசகர், மதுரை)

பதில்: தாராளமாக. மாளிகைக்குள்ளும் சில தோட்டங்களுக்குள்ளும் உண்ணக் கூடாதே தவிர, வெளியே புல்வெளியிலோ மேசைகளிலோ புளியோதரையைப் பிரிப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. தேநீர்க் கடையில் பெரும்பாலும் சைவ சூப்பும், அடுப்பில் சுட்ட முழு உருளைக்கிழங்கும் கிடைக்கும். ஸ்கோன் என்ற, தேநீரோடு உண்ணும் சிறு ரொட்டியை மட்டும் விட்டுவிடாதீர்கள். முட்டை சேர்த்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.