அம்மா, அப்பா, கொரிய மொழி

கேள்வி: கொரிய மொழியிலும் தாயை ‘ஒம்மா’ என்றும் தந்தையை ‘அப்பா’ என்றும் அழைக்கிறார்களே! உலக மொழிகளுக்கெல்லாம் மூலம் ஒன்றுதானா?
– வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: இவ்விரு சொற்களை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய இயலாது. இதழ்களை மூடித் திறந்தாலே பிறக்கும் ம, ப ஒலிகள் குழந்தைகளுக்கு எளியவை. ஆதலால், தொடர்பே இல்லாத மொழிகளிலும் அவை பெற்றோரைக் குறிக்கின்றன. மொழிகளுக்கிடையே உறவை நிறுவுவது ஒழுங்கான ஒலிமாற்றமே. நம் பால், பல், புலி, பத்து ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து என வருகின்றன. சொல் முதலில் நிற்கும் பகரம் இப்படித் தொடர்ந்து ஹகரமாவதைத் தற்செயல் என்று எவரும் தள்ளிவிட முடியாது. தென்னிந்திய மொழிகள் தனியொரு குடும்பம் என்பதைச் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816-இலேயே, கால்டுவெல்லின் திராவிட மொழிகள் ஒப்பிலக்கண நூலுக்கு 40 ஆண்டுகள் முன்னதாக, அச்சில் எடுத்துக்காட்டினார் என்பது இந்நகரம் பெருமையுடன் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி. மனித மொழிகள் அனைத்தும் ஒரே ஊற்றில் தோன்றியிருக்கக்கூடும். ஆனால், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு அப்பால் இத்தகைய ஒலித் தடயங்கள் தேய்ந்துவிடுவதால் அதை மெய்ப்பிக்க வழியில்லை என்பதே பெரும்பாலான மொழியியலாளர்களின் கருத்து. என் கருத்தும் அதுவே.