தினமும் சைக்கிள் ஓட்டியும் குறைந்த எடை ஏன் திரும்புகிறது?

கேள்வி: வணக்கங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறேன். வயது 42, உயரம் 170 செ.மீ. போன வருஷம் 86 கிலோ இருந்தேன். ஒரு ஹைபிரிட் சைக்கிள் வாங்கி, வாரத்தில் ஐந்து நாள் காலையில் 25 கி.மீ. ஓட்ட ஆரம்பித்தேன். நான்கு மாதத்தில் 81 கிலோவுக்கு வந்தேன். அப்புறம் எடை அசையவே இல்லை, இப்போது 84. சைக்கிளை மட்டும் விடவில்லை. ஒரு ரைடுக்கு 750 கலோரி என்று ஆப் காட்டுகிறது. முடிந்ததும் நண்பர்களோடு பேக்கரியில் ஒரு டீ, இரண்டு வடை, அவ்வளவுதான். தூரத்தைக் கூட்ட வேண்டுமாங்க? இறங்கிய எடை மறுபடி ஏறாமல் இருக்க என்ன வழி?

பதில்: தூரத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். முதலில் அந்த 750ஐச் சரிபார்ப்போம். கணக்கு வேலை பார்ப்பவர் என்பதால் விவரமாகவே சொல்கிறோம்.

84 கிலோ ஆள், 13 கிலோ சைக்கிள், காற்றில்லாத சமதளம், மணிக்கு 20 கி.மீ. வேகம். இதற்குப் பெடலில் கொடுக்க வேண்டிய சக்தி சுமார் 100 வாட். 25 கி.மீ. கடக்க 75 நிமிடம், அதாவது 4,500 வினாடி. பெருக்கினால் 450 கிலோஜூல். உடல் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால்பங்குதான் பெடலுக்கு வருகிறது, மீதி சூடாகிப் போய்விடும். ஒரு கலோரி என்பது 4.18 கிலோஜூல். இந்த இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், பெடலில் எத்தனை கிலோஜூலோ ஏறத்தாழ அத்தனை கலோரி எரிந்திருக்கும். ஆக, உங்கள் ரைடு சுமார் 450 கலோரி. அந்த 75 நிமிடம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 100 கலோரி போயிருக்கும். சைக்கிளால் கூடுதலாகக் கிடைத்தது 350. ஆப்புக்கு வேகமும் எடையும்தான் தெரியும்; பின்காற்று தள்ளியதையோ, நண்பருக்குப் பின்னால் ஒதுங்கி ஓட்டியதில் உழைப்பு குறைந்ததையோ அது கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது பேக்கரிக்கு வாருங்கள். சர்க்கரை போட்ட பால் டீ 80 முதல் 100 கலோரி. உளுந்து வடை ஒன்று, அளவையும் குடித்த எண்ணெயையும் பொறுத்து, 120 முதல் 150. இரண்டு வடையும் தேங்காய்ச் சட்னியும் டீயும் சேர்ந்தால் 350ஐத் தாண்டிவிடும். வடைக்குப் பதில் பப்ஸ் எடுத்தாலும் பெரிய மாற்றமில்லை. ரைடில் சம்பாதித்தது முழுவதும் வீடு போய்ச் சேரும் முன்பே செலவாகிவிடுகிறது. காலை உணவு அதற்கு மேல்தான்.

அப்படியானால் முதல் ஐந்து கிலோ எப்படி இறங்கியது என்று கேட்பீர்கள். உடம்பு எடை இழப்பை எதிர்க்கத் தொடங்குவதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் 2016இல் இதை அளந்து வெளியிட்டார்கள். இழக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது. அதே ஒரு கிலோவுக்குப் பசி நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி கூடுகிறது. ஐந்து கிலோ இறங்கிய உங்களுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள்: செலவு 125 கலோரி குறைந்து, பசி 500 கலோரி கூடியிருக்கும். மனஉறுதி போய்விட்டது என்று உங்களையே நொந்துகொள்ள இதில் ஒன்றுமில்லை. சோற்றில் ஒரு கரண்டி, தோசையில் ஒன்று என்று அந்தப் பசி தெரியாமலே தட்டுக்குள் வருகிறது. காலையில் சைக்கிள் ஓட்டிவிட்டோம் என்ற நிம்மதியில், பக்கத்துத் தெருவுக்கும் வண்டியை எடுப்பது, மாடிக்கு லிஃப்டில் போவது என்று பகல் முழுக்க நடமாட்டமும் குறைந்துவிடும். கம்பெனியில் எட்டு மணி நேரம் நாற்காலியில் இருப்பவருக்கு இது பெரிய ஓட்டை. நாளுக்கு 7,000 காலடிகளாவது எடுத்து வைத்து நடக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

எடையை இறக்குவதில் பெரிய பங்கு சாப்பாட்டுக்கு. இறங்கியதைப் பிடித்து நிறுத்துவதில் பெரிய பங்கு சைக்கிளுக்கு. நீங்கள் இரண்டாவதற்கான கருவியை வைத்துக்கொண்டு முதல் வேலையைச் செய்யப் பார்க்கிறீர்கள்.

சாப்பாட்டில் இப்போதைய அளவிலிருந்து நாளுக்கு 500 கலோரி குறைய வேண்டும். உங்கள் வயது, உயரம், எடை, வேலைக்கு அது சுமார் 1,800 கலோரியில் வந்து நிற்கும். ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி என்பதால் வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கும். அதைவிட வேகமாகப் போனால் சதையும் சேர்ந்து கரையும். முதல் இலக்கு 78 கிலோ என்று வையுங்கள். பன்னிரண்டு வாரம் ஆகும். பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) கணக்கில் நம்மவர்களுக்கு 25க்கு மேல் போனாலே உடல் பருமன். உங்கள் உயரத்துக்கு 25 என்பது 72 கிலோ. அது இரண்டாம் கட்டம்.

எண்ணெயிலிருந்து தொடங்குங்கள், அளப்பதற்கு அதைவிடச் சுலபமானது வேறில்லை. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் போனால், தலைக்கு நாளொன்றுக்கு 30 கிராம், அதாவது 270 கலோரி. செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் என்றாலும் கலோரி அதேதான். மாதம் இரண்டு லிட்டருக்குக் கொண்டுவந்தால் ஆளுக்கு 135 கலோரி மிச்சம், தட்டில் ஒரு கவளம்கூடக் குறையாமல். ஒன்றாம் தேதி இரண்டு லிட்டரைத் தனியே எடுத்து வைத்து, மாதம் முழுக்க அதற்குள் சமைக்கச் சொல்லுங்கள். தேங்காய்க்கும் இதே கவனம் வேண்டும். நம் பக்கத்தில் பொரியல், சட்னி, குழம்பு மூன்றிலும் தேங்காய் விழுகிறது. ஒரு வேளைக்கு ஏதாவது ஒன்றில் மட்டும் இருக்கட்டும்.

நம்மூரில் புழங்கும் சில நம்பிக்கைகளையும் இங்கேயே பேசிவிடலாம். கம்பு, சோளம், ராகிக்கு மாறினால் எடை இறங்கும் என்கிறார்கள். நூறு கிராம் கம்பிலும் நூறு கிராம் அரிசியிலும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். கம்பில் புரதமும் நார்ச்சத்தும் அதிகம், பசி தாங்கும். அதற்காகச் சாப்பிடுங்கள், ஆனால் அளவு அரிசிக்குச் சொன்ன அளவேதான். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும் கலோரியில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. சந்தகைக்குத் தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் ஊற்றிக்கொண்டு அதை லேசான பலகாரம் என்று நினைக்க வேண்டாம். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பேச்சும் உண்டு. கொள்ளு ரசம் கொழுப்பைக் கரைக்காது. ஆனால் நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் புரதம் இருக்கிறது. கொள்ளுப் பருப்பைக் கெட்டியாகக் கடைந்து சாப்பிட்டால் மாலை வரை வயிறு நிறைந்திருக்கும். ரசத்தைக் குடித்துவிட்டுப் பருப்பை ஒதுக்கினால் அந்தப் பயன் போயிற்று.

புரதத்துக்கு உங்கள் இலக்கு நாளுக்கு 100 கிராம். எடை குறையும்போது சதையைக் காப்பதும், கூடிய பசியை அடக்குவதும் அதுதான். காலையில் இரண்டு முட்டை, மூன்று இட்லி, சாம்பார். மதியம் ஒரு கப் சோறு, ஒரு கப் பச்சைப்பயறு கடைசல் அல்லது கொள்ளுப் பருப்பு, கை நிறைய காய், ஒரு கிண்ணம் தயிர், கோழியோ மீனோ 150 கிராம். மாலையில் சுண்டல் ஒரு கப். இரவு இரண்டு ராகி தோசையோடு 75 கிராம் பனீர். இது நூறை நெருங்கிவிடும். கவிச்சி சாப்பிடாத நாளில் மதியத்துக்கு 40 கிராம் மீல்மேக்கர் போட்டால் 20 கிராம் புரதம் வந்துவிடும். அரிசி பருப்பு சாதம் செய்கிற அன்று பருப்பைக் கூட்டி, அரிசியைக் குறைத்து, நெய்யை ஒரு ஸ்பூனோடு நிறுத்துங்கள்.

பேக்கரியை விட வேண்டியதில்லை. நண்பர்கள் இல்லையென்றால் காலையில் எழவே மாட்டீர்கள். சர்க்கரை இல்லாத டீயைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள். வீட்டில் முதல்நாளே முட்டை வேகவைத்து வைத்திருந்தால், வடையைத் தாண்டி வருவது அவ்வளவு கடினமில்லை.

வெறும் வயிற்றில் ஓட்டினால் கொழுப்பு அதிகம் கரையும் என்பது பாதி உண்மை. ஓட்டும் நேரத்தில் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக எரியும். நாள் முழுக்க எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் நிற்பதில்லை. 75 நிமிட ரைடுக்குத் தண்ணீர் போதும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஞாயிற்றுக்கிழமை ரைடுக்கு மட்டும், மணிக்கு 30 கிராம் மாவுச்சத்தாவது ஓட்டிக்கொண்டே சாப்பிட வேண்டும். சின்னப் பூவன் பழம் இரண்டு அதற்குச் சரியாக இருக்கும். அங்கே மிச்சம் பிடிக்கிறவர்கள்தான் மதியம் பிரியாணியில் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

ரைடைப் பொறுத்தவரை, ஐந்து நாளும் ஒரே 25 கி.மீ., ஒரே வேகம் என்பதை மாற்றுங்கள். மூன்று நாள் இப்போது போலவே, பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகத்தில். ஒரு நாள் 45 நிமிடம் போதும்: பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி உடம்பு சூடான பின், இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாத அளவுக்கு 4 நிமிடம், பிறகு 3 நிமிடம் லேசாக, இப்படி நான்கு முறை. ஞாயிறன்று 50 கி.மீ., நிதானமாக. திருப்பூரைச் சுற்றிப் பெரிய ஏற்றம் கிடையாது என்பதால் கடின நாளுக்கு எதிர்காற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனி, ஆடி, ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடித்துத் தள்ளும். அந்த மாதங்களில் முதலில் மங்கலம், சோமனூர் பக்கம் காற்றை எதிர்த்துப் போய்விட்டு, வரும்போது காற்றோடு வாருங்கள். மாற்றிச் செய்தால் களைத்துப்போன நேரத்தில் எதிர்காற்று மாட்டும். அப்போது வேகம் 13, 14க்கு இறங்கினாலும் கவலைப்பட வேண்டாம், உழைப்பு குறையவில்லை.

முட்டி வலி வந்து சைக்கிளை மூலையில் போட்டவர்கள்தான் எடை திரும்பியவர்களில் நிறையப் பேர். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் முழுதாக நீள வேண்டும். அதுதான் சீட்டின் உயரம். முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி தானாகவே லேசாக மடங்கியிருக்கும். நம் ஆட்கள் பலர் சீட்டைத் தாழ்த்தி, கனமான கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கிறார்கள். கியரைக் குறைத்து 80, 85 சுற்றுக்கு வாருங்கள்.

சைக்கிள் எலும்புக்கும் மேலுடம்புக்கும் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. வாரத்தில் இரண்டு நாள், 25 நிமிடம் பளுப் பயிற்சி கட்டாயம். பையில் ஐந்து கிலோ அரிசியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதல், சுவரிலோ தரையிலோ தண்டால், குடிநீர் கேனைப் பாதி நிரப்பி இடுப்பு உயரத்துக்கு இழுத்தல். ஒவ்வொன்றும் 10 முறை, மூன்று சுற்று. இதை விட்டுவிட்டுச் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் தராசு இறங்கும், தொப்பை மிஞ்சும். இடுப்பையும் டேப் வைத்து மாதம் ஒருமுறை அளங்கள்; ஆணுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

தினமும் காலையில் கழிப்பறை போய்வந்து, ரைடுக்கு முன் எடை பாருங்கள். ஒற்றை நாள் எண்ணை நம்ப வேண்டாம். முந்தின நாள் உப்பும் சோறும் கூடினால் ஒன்று, ஒன்றரை கிலோ தண்ணீராகவே ஏறும். ஏழு நாள் சராசரியை எழுதி, போன வாரத்தோடு ஒப்பிடுங்கள். மூன்று வாரம் சராசரி நகரவில்லை என்றால்தான் 150 கலோரியைக் குறைக்க வேண்டும்.

78 வந்த பிறகுதான் உங்கள் இரண்டாவது கேள்வி தொடங்குகிறது. ஒரேயடியாகப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பாமல், வாரத்துக்கு 100 கலோரி வீதம் கூட்டி, சராசரி நிலைத்து நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே இரண்டு, மூன்று மாதம் இருந்து பழகிவிட்டு 72ஐ நோக்கி இறங்கலாம். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009இல் தந்த வழிகாட்டல், குறைத்த எடையைக் காக்க வாரத்துக்கு 200 முதல் 300 நிமிட உடற்பயிற்சி தேவை என்கிறது. புதிய அட்டவணையிலும் நீங்கள் 400 நிமிடத்துக்கு மேல் ஓட்டுகிறீர்கள். தூரத்தைத் தொட வேண்டாம் என்றது இதனால்தான். அதே நாட்டில் 1994இல் தொடங்கிய ஒரு பதிவேடு, 13.6 கிலோவுக்கு மேல் குறைத்து ஓராண்டாவது காத்தவர்களைப் பின்தொடர்கிறது. அவர்களில் நான்கில் மூன்று பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள். நீங்களும் விடாதீர்கள். சராசரி 80ஐத் தொட்ட வாரமே 1,800 கலோரிக்குத் திரும்பிவிடுங்கள். 84 ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறுபடி மூன்று மாத வேலை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு வாரம் சைக்கிள் நின்றால் பலருக்கு அதோடு எல்லாமே நின்றுவிடுகிறது. தீபாவளிப் பலகாரமும் அப்போதுதான் வரும். மழை நாளுக்கு மாற்று இப்போதே முடிவாகியிருக்கட்டும்: மாடிப்படி 20 நிமிடம், பளுப் பயிற்சி 25 நிமிடம். ஓட்டாத வாரத்தில் இரவுத் தோசை இரண்டு ஒன்றாகட்டும்.

சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவராக இருந்தால், சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். இன்சுலின், கிளிமெபிரைடு போன்றவற்றை அதே அளவில் எடுத்துக்கொண்டு இந்த முறையில் ஓட்டினால் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். அளவை அவர்தான் மாற்ற வேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸும் இருக்க வேண்டும். ஏற்றத்திலோ எதிர்காற்றிலோ நெஞ்சு இறுக்கமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ வந்தால் மெதுவாக ஓட்டி வீடு சேர நினைக்காதீர்கள். அங்கேயே இறங்கி 108ஐக் கூப்பிடுங்கள்.