விடுமுறையில் கணிதம் – கடிதம்

மதிப்புக்குரிய ஐயா, வணக்கம்.

என் மகன் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். விடுமுறை தொடங்கியதிலிருந்து தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி நூலோடு உட்கார வைக்கிறேன். பெரும்பாலும் அழுகையில்தான் முடிகிறது. நேற்று 502-இலிருந்து 178-ஐக் கழித்து 476 என்று எழுதினான். பிரத்தியேக வகுப்பில் சேர்த்துவிடலாமா?

ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

476 என்ற அந்த விடை கவனக்குறைவால் வந்ததன்று. 2-இலிருந்து 8 போகாது என்பதால் 8-இலிருந்து 2-ஐயும், 0-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 0-ஐயும் கழித்திருக்கிறான். பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று தானாக ஒரு விதியை வகுத்துக்கொண்டு, அதைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறான். அந்த விதி மாறாதவரை, கடன் வாங்க வேண்டிய கணக்குகளை எத்தனை பக்கம் போட வைத்தாலும் தவறுதான் பழகிப்போகும். வகுப்பில் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் தவறையும் இப்படித் துருவிப் பார்க்க நேரம் கிடைப்பது அரிது. விடுமுறையில் உங்களுக்குக் கிடைக்கிறது. ஆகவே விடையைத் திருத்துவதற்கு முன், "இதை எப்படிப் போட்டாய் ஐயா, அம்மாவுக்குச் சொல்லு" என்று கேட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருங்கள்.

பிறகு காகிதத்தை வெட்டி 100, 10, 1 வெள்ளி (ரிங்கிட்) தாள்களைச் செய்துகொள்ளுங்கள். ஐந்து நூறு வெள்ளியும் இரண்டு ஒரு வெள்ளியும் அவனிடம் கொடுத்து, 178 வெள்ளி கேளுங்கள். தாளை மாற்றாமல் கொடுக்க முடியாது என்பதை அவனே கண்டுகொள்ளட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம். ஒரு நூறைப் பத்து 10 வெள்ளித் தாள்களாகவும், அதில் ஒரு பத்தைப் பத்து 1 வெள்ளித் தாள்களாகவும் மாற்றிய பின், நான்கு நூறும் ஒன்பது பத்தும் பன்னிரண்டு ஒன்றும் கையில் இருக்க, 324 மிஞ்சுவதைக் கண்ணால் பார்த்துவிடுவான். அதையே உடனே ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். தாளின்றிச் செய்யும் துணிவு வரும்வரை தாள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இந்த வயதுக்கு இரண்டு மணி நேரம் மிக அதிகம்; இருபது நிமிடம் போதும். வாய்பாட்டைக் காரில் போகும்போது கேட்டுக்கொள்ளலாம்.

கடைக்கும் அவனை அழைத்துச் செல்லுங்கள். 2008 ஏப்ரல் முதல் நம் நாட்டில் ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை அருகிலுள்ள ஐந்து காசுக்குச் சரிசெய்யப்படுகிறது: 23 வெள்ளி 47 காசு என்றால் 23.45, 48 காசு என்றால் 23.50. கல்லாவில் எவ்வளவு கேட்பார்கள், 50 வெள்ளி நீட்டினால் மீதி எவ்வளவு என்று அவன் முன்கூட்டியே சொல்லிப் பார்த்து, ரசீதோடு ஒப்பிடட்டும். கிட்டிய மதிப்பை இதைவிடத் தெளிவாகக் கற்றுத்தரும் பயிற்சி நூலை நான் பார்த்ததில்லை.

பிரத்தியேக வகுப்புக்கு இப்போது அவசரம் வேண்டாம். அவன் தவறாகப் போட்ட கணக்குகளை அழிக்காமல் ஒரே ஏட்டில் வைத்திருங்கள். பள்ளி திறந்த பிறகும் தடுமாற்றம் தொடர்ந்தால், மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல், அந்த ஏட்டையே வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள்.